கடிகாரத்தை வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்

மும்பைத் தமிழர்களுக்கு நேரம் வைத்து நடத்தும் பரீட்சை புதிதல்ல. மாதுங்காவில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகள் கொடிகட்டிப் பறந்த காலம் ஒன்று இருந்தது. ஊரிலிருந்து தகரப்பெட்டியுடன் தாதரில் வந்து இறங்கும் பையன்கள், தங்க இடம் தேடியவுடன் அடுத்தபடியாகத் தேடிப் போனது அவற்றைத்தான். எங்கள் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இதைக் கதை கதையாகச் சொல்வார். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் முதல் கேள்வி, "ஸ்பீடு எவ்வளவு?" என்பதுதானாம்.

நானும் அப்படி ஒரு பரீட்சையைத் தாண்டி வந்தவன்தான். பத்தாம் வகுப்போடு ரெயில்வேயில் கலாசியாகச் சேர்ந்தேன். இலாகா பரீட்சை எழுதித்தான் குமாஸ்தா ஆனேன். 10 நிமிடத்தில் 300 ஆங்கிலச் சொற்கள் அடிக்க வேண்டும். தினமும் அடித்துப் பழகிய கைதான். ஆனாலும் அதிகாரி கடிகாரத்தைப் பார்த்து "ஸ்டார்ட்" என்றதும் முதல் இரண்டு வரிகள் தப்பும் தவறுமாகப் போயின. நடுக்கம் என் விரலில் இல்லை, அந்தக் கடிகாரத்தில் இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

இப்போது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொரு பரீட்சை வந்திருக்கிறது. ரியல் எஸ்டேட் கம்பெனிகளில் வேலைக்குப் போனால், ஒரு கம்ப்யூட்டரையும் ஒரு கட்டிடத்தின் விவரத்தையும் கொடுத்து, "இரண்டு மணி நேரத்தில் எக்செல்லில் மாடல் போட்டுக் காட்டு" என்கிறார்கள். இந்தக் கட்டிடத்தை இந்த விலைக்கு வாங்கலாமா, கடன் எவ்வளவு வாங்கலாம், சில வருடம் கழித்து விற்றால் என்ன மிஞ்சும் என்று வருடவாரியாகக் கணக்குப் போட வேண்டும். சில இடங்களில் ஒரு மணி நேரந்தான் கொடுக்கிறார்கள். சில இடங்களில் மூன்று, நான்கு மணி நேரமும் உண்டு.

ரியல் எஸ்டேட் என்றதும் நாக்காவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் புரோக்கரை நினைத்துவிடக் கூடாது. 1982 வேலைநிறுத்தத்துக்குப் பின் மில்கள் ஒவ்வொன்றாக மூடிப்போன லோயர் பரேலில் இன்று கண்ணாடிக் கட்டிடங்கள் நிற்கின்றன. பாந்திரா-குர்லா வளாகத்திலும் பவாயிலும் அப்படியே. இத்தகைய கட்டிடங்களின் வாடகை வருமானத்தைப் பங்குபோலப் பிரித்துப் பொதுமக்களுக்கு விற்கும் 'ரீட்' நிறுவனங்களுக்கு 2014-ல் செபி விதிமுறை வகுத்தது. முதலாவது ரீட்டான எம்பசி 2019-ல் பங்குச்சந்தைக்கு வந்தது. 2020-ல் மைண்ட்ஸ்பேஸ், 2021-ல் புரூக்பீல்டு, 2023-ல் மால்களை வைத்திருக்கும் நெக்சஸ் என்று வரிசையாக வந்தன. இவை தவிர, கட்டிடங்களுக்குக் கடன் கொடுக்கும் வங்கிகள், முதலீட்டு நிறுவனங்கள், பெரிய பில்டர்கள் இருக்கிறார்கள். இங்கெல்லாம் கணக்குப் போடத் தெரிந்த ஆள் தேவை. பி.காம். படித்த நம் பிள்ளைகள் போகக்கூடிய வேலைதான்.

என் அக்காள் மகள் இதற்குத்தான் போனாள். தாராவியில் பிறந்து வளர்ந்தவள். பி.காம். முதல் வகுப்பு. முதல் பரீட்சையில் தோற்றாள்.

மறுநாள் அத்தான் என்னைத் தேடி வந்தார். அந்தேரியில் ஓர் இன்ஸ்டிடியூட்டில் இதற்கென்றே கோர்ஸ் இருக்கிறதாம். கட்டணம் அறுபதாயிரம் ரூபாய். "தயாராகப் போட்டு வைத்த மாடல்கள் இருபது கொடுக்கிறார்களாம். அதை வைத்துக்கொண்டால் எந்தப் பரீட்சை வந்தாலும் எண்களை மட்டும் மாற்றினால் போதுமாம்" என்றார். அக்காளின் வளையலை அடகு வைக்கப் போவதாகவும் சொன்னார்.

நான் வேண்டாம் என்றேன். வீட்டில் இதனால் இரண்டு நாள் மனஸ்தாபம். பத்தாம் வகுப்புப் படித்தவன் பட்டதாரிக்கு யோசனை சொல்வதா என்று அத்தான் நினைத்திருக்கலாம். அது நியாயமான கேள்விதான். ஆனால் அவள் ஏன் தோற்றாள் என்று நான் உட்கார்ந்து விசாரித்திருந்தேன். அதை அத்தான் விசாரிக்கவில்லை.

அவளுக்கு வந்த கணக்கை, எண்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன். வாசகர்கள் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டால் நல்லது.

10 ஆயிரம் சதுர அடி ஆபீஸ் கட்டிடம். சதுர அடிக்கு மாதம் 100 ரூபாய் வாடகை. ஆக மாதம் 10 லட்சம், வருடம் 1 கோடியே 20 லட்சம். எப்போதும் கொஞ்சம் இடம் காலியாகக் கிடக்கும் என்று அதில் பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் 1 கோடியே 8 லட்சம். சொத்துவரி, இன்சூரன்ஸ், பராமரிப்பு 8 லட்சம். நிகர வருமானம் சரியாக 1 கோடி.

இந்த வருமானத்தை வாங்கும் விலையால் வகுத்தால் வரும் சதவீதத்துக்கு 'கேப் ரேட்' என்று பெயர். 8 சதவீதம் என்று வைத்தால் கட்டிடத்தின் விலை 12½ கோடி. அதில் 60 சதவீதம், அதாவது 7½ கோடி, 10 சதவீத வட்டிக்குக் கடன். வட்டி மட்டும் கட்டி வந்தால் போதும், அசலை விற்கும்போது திருப்பலாம் என்று ஏற்பாடு. சொந்த முதல் 5 கோடி.

வருட வட்டி 75 லட்சம். கையில் மிஞ்சுவது 25 லட்சம். 5 கோடி போட்டு 25 லட்சம் என்றால் 5 சதவீதம். கடனே வாங்காமல் மொத்தப் பணத்தையும் போட்டிருந்தால் 8 சதவீதம் கிடைத்திருக்கும். கட்டிடம் எட்டு சம்பாதிக்கிறது, கடன் பத்து தின்கிறது. இதில் இலாபம் வர வேண்டுமானால் வாடகை உயர வேண்டும், அல்லது விற்கும் விலை ஏற வேண்டும். இந்த ஒரு விஷயத்தைப் பரீட்சை தொடங்கி ஐந்தாவது நிமிடத்தில், எக்செல்லைத் திறப்பதற்கு முன்பே, காகிதத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

இனி, மூன்று வருடத்துக்கு ஒருமுறை 15 சதவீதம் வாடகை உயர்வு. இந்திய ஆபீஸ் ஒப்பந்தங்களில் இது பழக்கமான ஏற்பாடு. நான்காம் வருட வாடகை 1 கோடியே 38 லட்சம். காலி இடத்துக்குப் பத்தில் ஒரு பங்கு போனால் 1 கோடியே 24 லட்சத்து 20 ஆயிரம். செலவு 9 லட்சத்து 20 ஆயிரமாக ஏறிவிட்டது என்று கொள்வோம். நிகர வருமானம் 1 கோடியே 15 லட்சம். மூன்றாம் வருடக் கடைசியில் விற்கிறோம். வாங்குகிறவன் தனக்கு வரப்போகும் நான்காம் வருட வருமானத்தைப் பார்த்துத்தான் விலை கொடுப்பான். 8 சதவீதத்துக்கு 14 கோடியே 37½ லட்சம்.

இந்த இடத்தில்தான் அவள் சறுக்கினாள். விற்ற பணம் முழுவதையும் வரவில் எழுதிவிட்டாள். 7½ கோடிக் கடனைத் திருப்பவில்லை. அப்படிப் போட்டால் வருடாந்திர இலாப விகிதம், அதாவது ஐ.ஆர்.ஆர்., 46 சதவீதம் என்று எக்செல் காட்டும். கடனைக் கழித்தால் 16 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு.

"இந்த விலைக்கு நீங்கள் வாங்குவீர்களா?" என்று பரீட்சை வைத்தவர் கேட்டிருக்கிறார். "கட்டாயம் வாங்குவேன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்!

"ஏம்மா, அடகில் இருக்கிற நகையை விற்றால் கடைக்காரன் பாக்கி போகத்தானே கைக்கு வரும்?" என்று கேட்டேன்.

"தெரியும் மாமா. நேரம் போய்விட்டது" என்றாள்.

உண்மை அதுதான். அவளுக்குத் தெரியாத விஷயம் ஒன்றும் அந்தத் தாளில் இல்லை. இரண்டு மணி நேரத்தில் முதல் முக்கால் மணியைத் தலைப்புக்கு வர்ணம் பூசுவதிலும் கட்டம் கட்டுவதிலும் செலவிட்டிருக்கிறாள். கடைசிப் பத்து நிமிடத்தில் விற்பனைக் கணக்கைப் போட்டிருக்கிறாள். திரும்பிப் பார்க்க நேரம் இல்லை. 46 என்ற எண் திரையில் தெரிந்தபோது அது சரியா என்று ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை.

யோசித்திருந்தால் எவ்வளவு சுலபம்! வருடம் 25 லட்சம் வீதம் மூன்று வருடம் 75 லட்சம். விற்றதில் கடன் போக 6 கோடியே 87½ லட்சம். மொத்தம் 7 கோடியே 62½ லட்சம். போட்டது 5 கோடி. ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. கூட்டு வட்டியில் 15 சதவீதம் வீதம் மூன்று வருடம் போனால் ஒன்றரை மடங்குதான் ஆகும். ஆகவே விடை பதினைந்து, பதினாறுக்குள் இருக்க வேண்டும். 46 வந்தால் எங்கோ தப்பு. டிக்கெட் கவுண்ட்டரில் உட்கார்ந்தவர்களுக்கு இது புரியும். மாலையில் கல்லாவும் கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் வீட்டுக்குப் போக முடியாது. பணம் அதிகமாக இருந்தாலும் போக முடியாது.

இதற்கு அறுபதாயிரம் ரூபாய் மாடல் எப்படி உதவும்? பல கம்பெனிகள் வெற்றுத் தாளைத்தான் திறந்து கொடுக்கின்றன. வெளியிலிருந்து எதையும் கொண்டு போக முடியாது. கொண்டு போக முடிந்தாலும் ஆபத்து. இன்னொருவர் போட்ட மாடலில் எந்தக் கட்டம் எதைக் கூட்டுகிறது என்று தேடுவதற்குள் பாதி நேரம் போய்விடும். ஒரு வரியைச் செருகினால் பத்து இடத்தில் உடையும். கேள்வியில் ஒரு சிறு திருகல் வைத்துவிட்டால், உதாரணமாக முதல் ஆறு மாதம் வாடகை இல்லை என்று ஒரு வரி போட்டுவிட்டால், தயார் மாடல் அங்கேயே படுத்துவிடும். சொந்தமாகப் போட்டவனுக்கு அது ஒரு பார்முலா. இந்தக் காலத்தில் வாயால் சொன்னாலே மாடல் போட்டுத்தரும் கம்ப்யூட்டர் வசதிகள் வந்துவிட்டன. அப்படியானால் சம்பளம் கொடுத்து ஆளை வைப்பது எதற்கு? 46 தப்பு என்று சொல்வதற்குத்தான்.

இன்னொரு விஷயத்தையும் நம் பெற்றோர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். இந்தப் படிப்பின் வேர் நம் வீட்டிலேயே இருக்கிறது. மும்பையில் 'ஹெவி டெபாசிட்' என்று ஒரு பழக்கம் உண்டு. ஒரு ரூமுக்கு 50 ஆயிரம் டெபாசிட், மாதம் 10 ஆயிரம் வாடகை என்பார்கள். அல்லது 10 லட்சம் டெபாசிட் கொடுத்துவிட்டு வாடகையே இல்லாமல் இரு என்பார்கள். எதை எடுப்பது? அதிகப்படியாகக் கொடுப்பது 9½ லட்சம். வருடத்தில் மிச்சமாவது 1 லட்சத்து 20 ஆயிரம். அதாவது 12½ சதவீதத்துக்கும் சற்று மேல். அந்தப் பணத்தை அதைவிடக் குறைந்த வட்டிக்குப் புரட்ட முடிந்தால் டெபாசிட் இலாபம், அதிக வட்டி என்றால் வாடகையே மேல். எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டிகள்கூட இதை மனக்கணக்காகச் சொல்லிவிடுவார்கள். கண்ணாடிக் கட்டிடத்தில் கோட்டுப் போட்டவர் கேட்கும் கேப் ரேட் இதற்கு நெருங்கிய உறவுதான். ஏலச்சீட்டில் எந்த மாதம் எவ்வளவு தள்ளி எடுப்பது என்று கணக்குப் பார்க்கிறவருக்கு ஐ.ஆர்.ஆர். புதிய விஷயமா? பெயர்தான் புதிது. அத்தானிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். மனஸ்தாபம் தீர்ந்தது அப்போதுதான்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கடிகாரத்துடன் உட்கார்ந்தேன். எனக்கு எக்செல் அதிகம் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. என் வேலை "ஸ்டார்ட்" சொல்வதும், "நிறுத்து" சொல்வதும்தான். முதல் கால் மணி கீபோர்டைத் தொடக் கூடாது. கேள்வித்தாளைப் படித்து, காகிதத்தில் உத்தேச விடை எழுத வேண்டும். அடுத்த ஒரு மணி பத்து நிமிடத்தில் மாடல். முதலில் முழுக் கணக்கும் ஒப்பேற வேண்டும், அலங்காரம் அதற்குப் பிறகு நேரமிருந்தால். கடைசி முப்பத்தைந்து நிமிடம் சரிபார்க்கவும், விடையை நாலு வரியில் எழுதவும். பால் பொங்கினாலும் வாசலில் யார் கூப்பிட்டாலும் எழக் கூடாது. ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கும் வீட்டில் இரண்டு மணி நேர அமைதி வாங்குவது மாடல் போடுவதைவிடக் கஷ்டம். அக்காள் பக்கத்து வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்வாள்.

முதல் ஞாயிறு பாதிகூட முடியவில்லை. நாலாவது ஞாயிறு முடிந்தது, ஆனால் கணக்குத் தப்பு. மாத வட்டியையும் வருட வட்டியையும் கலந்துவிட்டாள். இன்னொரு நாள் என்.பி.வி. பார்முலா காலை வாரியது. அந்தப் பார்முலா முதல் தொகையையும் ஒரு வருடம் கழித்து வருவதாகவே எடுத்துக்கொள்ளும். இன்றைக்கே கையை விட்டுப் போகும் முதலை அதற்குள் வைக்கக் கூடாது, வெளியே தனியாகக் கழிக்க வேண்டும். நாம் கொடுத்த எண்களுக்கு நீலம், பார்முலாவுக்குக் கறுப்பு என்ற ஒரே ஒரு வர்ணப் பழக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டாள். அந்தத் தொழிலில் இருப்பவர்கள் கண் அதைத்தான் தேடுமாம்.

ஒவ்வொரு வாரமும் கடைசியில் ஒரு கேள்வி கேட்பேன். "விற்கும்போது 8-க்குப் பதில் 9 என்றால்?" மேலே சொன்ன கணக்கில் அந்த ஒரு சதவீதத்தை மாற்றினால் விற்பனை விலை 14 கோடியே 37½ லட்சத்திலிருந்து சுமார் 12 கோடியே 78 லட்சமாக இறங்கிவிடும். இலாப விகிதம் பதினாறுக்குப் பக்கத்திலிருந்து ஏழுக்கும் கீழே போய்விடும். வங்கிக்கு 10 சதவீத வட்டி கட்டுகிறவனுக்குச் சொந்த முதலில் ஏழுகூட வரவில்லை என்றால் அந்த வியாபாரம் எதற்கு? "வாங்குவீர்களா?" என்ற கேள்விக்கு இதைத்தான் பதிலாகச் சொல்ல வேண்டும். இந்த விலைக்கு வாங்கினால், விற்கும் நாளில் சந்தை கொஞ்சம் சரிந்தாலும் பிழைப்பில்லை என்று.

அடுத்த பரீட்சை ஒரு பில்டர் கம்பெனியில். வீடு கட்டி விற்கும் கணக்கு. இது வேறு வகை. வாடகை கிடையாது. கட்டுமானம் ஏற ஏறத் தவணையில் பணம் வரும். 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி வீடு வாங்குவோரிடம் வசூலாகும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் போட வேண்டும். அதை அந்தத் திட்டத்தின் நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே, வேலை எவ்வளவு முடிந்திருக்கிறதோ அந்த அளவுக்கு, என்ஜினீயர், ஆர்க்கிடெக்ட், ஆடிட்டர் சான்றிதழுடன் எடுக்கலாம். வந்த பணத்தையெல்லாம் கையிருப்பு என்று காட்டினால் மாடல் அழகாக இருக்கும், ஆனால் சட்டப்படி அந்தப் பணத்தைத் தொட முடியாது. அவள் 70-க்கு ஒரு தனி வரி போட்டிருக்கிறாள். கேள்வித்தாளில் அது கேட்கப்படவே இல்லையாம்.

கம்பெனிகளுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. பரீட்சை வைப்பதை நான் குறை சொல்லவில்லை. சிபாரிசுக் கடிதத்தைப் பார்த்து வேலை கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆங்கிலம் நுனிநாக்கில் வராத பிள்ளைக்கு எண்களால் பேச ஒரு வாய்ப்பு. ஆனால் எத்தனை மணி நேரம், வெற்றுத் தாளா, பாதி போட்டதா, யார் கம்ப்யூட்டர் என்பதை முன்கூட்டியே எழுத்தில் தெரிவிப்பதில் என்ன நஷ்டம்? சில இடங்களில் "வீட்டில் போட்டுக்கொண்டு வா" என்று சனி, ஞாயிறு முழுவதும் வேலை வாங்கிவிட்டு, பிறகு பதிலே போடுவதில்லை. தபாலுக்குக்கூடச் செலவில்லாத இந்தக் காலத்தில் "இல்லை" என்று ஒரு வரி எழுத முடியாதா? தப்பு எங்கே என்று சொன்னால் அந்தப் பிள்ளை அடுத்த இடத்திலாவது பிழைத்துக்கொள்ளும். அவள் தப்பை அவளே கண்டுபிடிக்கப் பதினோரு நாள் ஆயிற்று.

நம் தமிழ் மன்றங்கள் பொங்கலுக்கும் ஆண்டு விழாவுக்கும் மண்டபம் எடுக்கின்றன. எடுக்கட்டும். ஞாயிறு காலையில் அதே மண்டபத்தில் இரண்டு மணி நேரம், நாலு மேசை, ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தால் என்ன? வாத்தியார் வேண்டாம். வங்கியிலோ கட்டிடக் கம்பெனியிலோ வேலை பார்க்கும் தமிழர் ஒருவர் மாதம் ஒருமுறை வந்து தாளைப் பார்த்துச் சொன்னால் போதும். மாதுங்கா இன்ஸ்டிடியூட்டுகளில் அன்று விற்றது டைப்ரைட்டர் அல்ல. ஒரு மணி நேரம் உட்கார இடமும், பக்கத்தில் அடிப்பவனின் வேகமுந்தான்.

பில்டர் கம்பெனியிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. இதற்கிடையில் வேறொரு இடத்திலிருந்து அழைப்பு வந்திருக்கிறது, ஒன்றரை மணி நேரப் பரீட்சையாம். அக்காளின் வளையல் கையிலேயே இருக்கிறது. அத்தான் லேமிங்டன் ரோட்டில் பழைய லேப்டாப் ஒன்று வாங்கி வந்தார். மவுஸ் வேலை செய்யவில்லை. அதுவும் நல்லதுதான் மாமா, கீபோர்டிலேயே போட்டால் நேரம் மிச்சம் என்கிறாள்.